உயிரோடிருப்பவருக்கு ஊதுபத்தி

ஏம்மா பெண்களா, என்னைப் பார்க்க வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். எந்தத் தூரிகை, எந்த எண்ணெய், எந்தத் துணி? அதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவருக்கு விற்கவும் வேண்டும் அல்லவா. நான் சித்தூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளி போக மிச்ச நேரமெல்லாம் முகம் வரைந்தவள். கை விஷயத்தில் உங்களுக்கு என்னிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. எல்லாம் தலைகீழாகப் போகிற நிமிஷத்தில் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பதை வேண்டுமானால் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் கம்பியை வளைத்து முகம் செய்கிறீர்கள். பழைய புடவையைக் கிழித்து ஒட்டி முகம் செய்கிறீர்கள். உங்களில் ஒருத்தி செல்போன் திரையில் விரலால் தேய்த்துத் தேய்த்தே ஒரு முழு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால், 'இந்தப் பக்கத்தில் பெண்கள் பலவிதமாய் முகங்கள் படைப்பது இதுவே முதல் முறை' என்று நோட்டீஸ் அடித்திருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. முதல் முறையாம்! எல்லைத் தகராறு நடந்த காலத்திலேயே நாங்கள் மூன்று பேர் எண்ணெயிலும் மண்ணிலும் நூலிலும் முகம் செய்து, திருப்பதியில் மண்டபம் பிடித்துக் கண்காட்சி வைத்தாயிற்று. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். காபியை ஆறவிடாதீர்கள், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது முடிவாகவில்லை. நகரி அங்கே போகுமா, திருத்தணி இங்கே நிற்குமா என்று டீக்கடை பெஞ்சிலேயே தினம் ஒரு வரைபடம் போட்டார்கள். காலையில் தமிழில் ஊர்வலம் போனால் சாயங்காலம் தெலுங்கில் ஊர்வலம் வரும். இரண்டிலும் கோஷம் போடுகிறவர்கள் நடுவில் ஒரே கடையில் சோடா குடிப்பார்கள்.

எங்கள் மூவரில் எண்ணெய்ச் சாயம் என்னுடையது. மண் வேலை செய்தவள் திருச்சானூர்க்காரி, தெலுங்கு வீட்டுப் பெண். அவளை நாங்கள் மண்ணக்கா என்றே கூப்பிட்டோம், கடைசி வரைக்கும் அதே பெயர்தான். நூலில் முகம் தைத்தவள் தனம். நகரியில் ஒரு நெசவு வீட்டின் மருமகள். தறியில் அறுந்து விழுகிற துண்டு நூலையெல்லாம் பொறுக்கிவைத்து, காடாத் துணியில் ஊசியால் ஒரு ஆளை எழுப்பிவிடுவாள். மூன்று பேரில் அவள்தான் கெட்டிக்காரி. இதை அவள் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போது சொல்வதில் தப்பில்லை.

தனத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவள் மாமனார். கெட்டவர் இல்லை, கோபக்காரரும் இல்லை. பேசவே மாட்டார். அந்தக் காலத்து நெசவு வீட்டில் மருமகள் மாமனார் எதிரே உட்காரமாட்டாள், தலையைத் தூக்கி முகத்தைப் பார்க்கமாட்டாள். அவரும் அவளோடு நேராகப் பேசமாட்டார். மாமியாரையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும், "சோறு போடச் சொல்லி அவகிட்ட சொல்லு" என்று பெண்டாட்டியிடம்தான் சொல்வார். மாமியார் திரும்பி, "சோறு போடணுமாம்" என்பாள். தனம் மாமியார் காதில், "குழம்பு கொதிச்சுக்கினு கீதுன்னு சொல்லுங்க" என்பாள். மாமியார் அதையும் சொல்வாள். இப்படியே பல வருஷம் ஓடியது அந்தக் குடும்பம்.

அப்படிப்பட்ட மனிதரின் முகத்தைத்தான் தனம் கண்காட்சிக்குத் தைத்தாள். தைரியத்தைப் பாருங்கள். எதிரே நின்று பார்க்க முடியாது. அவர் தறிக்குழியில் இறங்கி நெய்யும்போது, இவள் பின்பக்க மூலையில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். அங்கிருந்து அவர் பக்கவாட்டு முகம் தெரியும். அறுந்த இழையை முடிபோடும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வார். அந்த நொடியைத்தான் தைத்திருந்தாள். காதோர நரையும், கன்னக் குழியும், கடித்த உதடும். நான் முதல் தடவை பார்த்தபோது, இவர் இழையை முடித்துவிட்டு இப்போது நிமிர்ந்துவிடுவார் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

அவருக்கு விஷயம் தெரியாது. யாரோ ஒரு நெசவுக்காரர் படம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். கண்காட்சிக்கு அவரே வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார், கூடவே ஒரு நிபந்தனையும். தனம் அதை என்னிடம் வந்து சொன்னாள்.

"நாலு பேரு பாத்துட்டு சிரிச்சாங்கன்னா, அன்னிக்கே ஊசிய எடுத்து வெச்சிடணும்னு அவகிட்ட சொல்லுன்னாங்கக்கா. நம்ம வீட்டுப் பொண்ண பாத்து ஊரு சிரிக்கக் கூடாதாம்."

"யாரு சிரிப்பாங்க? பாத்தா வாயடைச்சுப் போவாங்க."

"எனக்கு பயமா கீது. ஊசி போச்சுன்னா அப்புறம் எனக்குன்னு இன்னாக்கா கீது? காலைல எழுந்தா நூல் சுத்தணும், சாயங்காலம் வரைக்கும் சுத்தணும். அவ்ளோதான்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் எங்கள் ஜில்லாவில் வீட்டுச் சுவரில் பெரிய படம் மாட்டினால் அது சாமியாக இருக்கும், தலைவராக இருக்கும், இல்லாவிட்டால் செத்தவராக இருக்கும். உயிரோடு இருக்கிற சாதாரண ஆளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு யாரும் பார்த்ததில்லை. கங்காதர நெல்லூரில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவைப் படம் வரைய உட்காரச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, எனக்கு இன்னா வந்துச்சு இப்போ? நல்லாத்தானே துன்னுக்கினு கீறேன்?" என்று கேட்டாள். அவளைச் சம்மதிக்க வைத்ததே தனிக் கதை. மண்ணக்கா தலைச்சிற்பம் செய்த ராமக்கா, திருச்சானூரில் குங்குமம் விற்கிறவள், அவளும் முதலில் மாட்டேன் என்றாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கும் முகம் உண்டு என்று காட்டத்தான் எங்கள் கண்காட்சியே.

படங்களுக்குக் கீழே பெயர் எழுதி ஒட்ட வேண்டுமே, அங்கே வந்தது வினை. தமிழில் எழுதினால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். தெலுங்கில் எழுதினால் இன்னொரு கூட்டம் வரும். இரண்டிலும் எழுதலாம் என்றால், எது மேலே, எது கீழே? மூன்று பேரும் மண்டை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மண்ணக்காதான், "பேரே வேணாம். மூஞ்சிக்கு எதுக்கு பாஷை?" என்றாள். அருமையான யோசனை என்று கைதட்டினோம். பெயர் இல்லாமலே மாட்டினோம்.

நாங்கள் பிடித்தது ஒரு சத்திரத்துக் கல்யாண மண்டபம். அதைப் பார்த்துக்கொண்டவர் வெங்கடய்யா. தங்கமான மனிதர். எதைச் செய்தாலும் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்கிற ஜாதி. நாற்காலி கேட்டால் நாற்காலியைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கொண்டுவருவார். திறந்துவைக்கச் சித்தூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்கென்று நல்ல கட்டு மாலைகளாக வாங்கி வைத்திருந்தோம். வருகிறவர்களை எதிர்கொள்ள நாங்கள் மூன்று பேரும் தெருமுனைக்குப் போய் நின்றோம். நின்றோம், நின்றோம், கால் கடுத்ததுதான் மிச்சம். சித்தூர் ரோட்டில் எல்லை ஊர்வலம் மறித்து, பஸ்ஸே ஓடவில்லை, பெரிய மனிதர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. எந்தப் பக்கத்து ஊர்வலம் என்று கேட்டேன். சொன்னவருக்கே தெரியவில்லை.

சரி, நாமே திறந்துகொள்ளலாம் என்று மண்டபத்துக்குத் திரும்பினோம். வாசலிலேயே ஊதுபத்தி மணம் மூக்கில் ஏறியது.

உள்ளே போனால், ஐயோ, என்னத்தைச் சொல்வேன்! பெரிய மனிதர்களுக்கு வாங்கிய மாலையெல்லாம் படங்களுக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு சட்டத்திலும் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ஒரு வாழைப்பழம், அதில் குத்திய ஊதுபத்தி. ராமக்காவின் மண் தலைக்கு முன்னால் தேங்காய் வேறு உடைத்து வைத்திருந்தது. பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, கைகட்டி நகர்ந்துகொண்டிருந்தார்கள். என் வெல்லக்காரப் பெரியம்மாவின் படத்தின் முன் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "களை பொருந்துன முகம். என்னா வியாதியோ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

வெங்கடய்யா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தார். "மாலை வாடிப் போவுது இல்லம்மா. பெரியவங்க படம், பூ இல்லாம இருந்தா பாபம் இல்லியா? நான்தான் எல்லாம் பண்ணேன்."

அந்த நேரம் பார்த்து ராமக்கா வந்து சேர்ந்தாள். தன்னுடைய தலையையும், அதன் மேலிருந்த மாலையையும், முன்னாலிருந்த தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏமய்யா, நான் எப்போ செத்தேன்?" என்று வெங்கடய்யாவைக் கேட்டாள். "என்கிட்ட ஒரு மாட்ட, ஒரே ஒரு வார்த்த, சொல்லி இருக்கக் கூடாதா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓடிப்போய் மாலைகளைப் பிய்த்து எறியப் பாய்ந்தேன். மண்ணக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "ஓடாதே. நீ ஓடினா நெஜமாவே சாவு வீடு மாதிரி ஆயிடும். மெள்ளப் போ. சிரிச்சுக்கினு போ" என்றாள். அவள் கை அன்று என்னைப் பிடித்திருக்காவிட்டால் நான் பண்ணியிருக்கக்கூடிய அலங்கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பொதுமக்கள் முன்னால் ஓவியம் வரைந்தவளே தன் படத்தின் கழுத்து மாலையை அறுக்கிறாள் என்றால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கெட்டது நடந்துவிட்டது என்றுதானே?

மெள்ள நடக்க ஆரம்பித்தோம். நாலு அடி போவதற்குள் தனம் என் கையை இறுக்கினாள். வாசலில் அவள் மாமனாரும் மாமியாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

உயரமான மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. உள்ளே வந்தவரை முதலில் வரவேற்றது வெங்கடய்யாதான். வந்தவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். திரும்பிச் சுவரில் இருந்த நூல் படத்தைப் பார்த்தார். பாவம், கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு. இரண்டு கையையும் கூப்பினார்.

"அய்யய்யோ, மீ அன்னகாரா? உங்க அண்ணாருங்களா? அச்சு அதே மூஞ்சி. எப்போ போயினாருங்க?"

"எனக்கு அண்ணன் இல்ல" என்றார் மாமனார்.

"அப்போ தம்பியா?"

"தம்பியும் இல்ல."

அதற்குப் பிறகுதான் அவர் படத்தின் பக்கம் திரும்பினார். கிட்டப் போனார். மாலை போட்டுக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு, ஊதுபத்திப் புகைக்குள் அவரே இழையை முடிபோட்டுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றவர் கீழ் உதட்டைக் கடித்தார். படத்தில் இருப்பது போலவே. அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், சிரிப்பு பற்றிக்கொண்டது. ராமக்கா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

நான் தனத்தைப் பார்த்தேன். ஊர் சிரித்துவிட்டது. அவர் சொன்னது சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். முகத்தில் இரத்தமே இல்லை. நான் செய்தது என்ன தெரியுமா? வெங்கடய்யாவைத் திட்ட ஆரம்பித்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லாத வேலை. கோபம் வந்தால் கைக்குக் கிடைத்த ஆளைத் திட்டுவது எனக்குப் பிறவிக் குணம், இப்போதும் போகவில்லை. என் வீட்டுப் பால்காரரைக் கேளுங்கள்.

தனம் யாரையும் திட்டவில்லை. படத்தருகே போனாள். முதலில் ஊதுபத்தியை வாழைப்பழத்தோடு எடுத்து வெங்கடய்யா கையில் கொடுத்தாள். பிறகு இரண்டு கையாலும் மாலையைத் தூக்கி, ஒரு பூ உதிராமல் கழற்றினாள். மருமகள் மாமனார் கழுத்தில் மாலை போடுவதா? ஊரே கைகொட்டிச் சிரிக்குமே! ஆனால் அவள் அவர் பக்கமே போகவில்லை. நேராக மாமியாரிடம் போனாள்.

"அத்தே, இது மாமாவுக்கு வந்த மாலைதான். அவங்க வர லேட்டாயிடுச்சு, அதுவரைக்கும் படம் போட்டுக்கினு இருந்துச்சு. நீங்க போடுங்க."

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நானா? இந்த வயசுலயா? போடி!"

"போடம்மா" என்று ராமக்கா குரல் கொடுத்தாள். "உன் வீட்டுக்காரருக்கு நீ போடாம, வெங்கடய்யாவா போடுவாரு?"

அந்த அம்மாள் மாலையை வாங்கிக்கொண்டு புருஷன் எதிரே போய் நின்றாள். எட்டவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. தலையைக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். மாலை விழுந்ததும் மண்ணக்கா வாயாலேயே பீப்பீ என்று நாயனம் ஊத ஆரம்பித்துவிட்டாள். கல்யாண மண்டபத்துக்காரருக்கு இது பழகிய வேலை அல்லவா, வெங்கடய்யா உள்ளே ஓடிப்போய் மஞ்சள் அரிசி கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுத்தார். ஊதுபத்தி ஏற்றிய அதே கை, அட்சதை கொடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான் முதலில் தூவினாள். ராமக்கா தன் மண் தலையிலிருந்த மாலையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு, உடைத்த தேங்காயையும் மடியில் கட்டிக்கொண்டாள். புதிதாக உள்ளே வந்த இரண்டு பேர் அறுபதாம் கல்யாணம் என்று நினைத்துப் பந்தி எங்கே என்று கேட்டார்கள்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். நீங்கள் ஒரு முகத்தை மாட்டுகிற சுவருக்கு உங்களுக்கு முன்னாலேயே ஒரு பழக்கம் இருக்கும். பார்க்கிறவர்கள் அந்தப் பழக்கத்தோடுதான் வருவார்கள். அவர்களைத் திட்டித் திருத்த முடியாது, நான் முயன்று பார்த்தவள். தனம் மாலை போடுகிற பழக்கத்தோடு மல்லுக்கட்டவில்லை. மாலையை வேறு ஒருவர் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். எனக்கு அது தோன்றவே தோன்றாது. பாடம் படித்ததால் வருவதில்லை அது. எதிரே இருப்பது யார், அவர் கை எங்கே போகும், எங்கே போகாது என்று எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு வருவது. போட்டோவை வைத்துக்கொண்டு வரைகிற உங்களில் சிலரை நான் கேலி செய்வது அதற்காகத்தான். முறைக்காதீர்கள், மிச்சத்தையும் கேளுங்கள்.

ஏனென்றால் தனத்தின் விஷயம் இன்னும் முடியவில்லை. ஊர் சிரித்தது சிரித்ததுதானே. கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், மாமனார் மாலையோடு மறுபடி படத்தின் முன்னால் போய் நின்றார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம். அவர் குனிந்து, கன்னத்தின் பக்கம் தையலை உற்றுப் பார்த்தார். நெசவுக்காரர் கண், நூலைத்தானே முதலில் பார்க்கும்.

"நம்ம தறி நூலு" என்றார் பெண்டாட்டியிடம். பிறகு, "மூக்கு இவ்ளோ பெருசா எனக்கு?"

"அதவிடப் பெருசு" என்றாள் மாமியார்.

அவர் சிரித்தார். சத்தமே வராத ஒரு சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அந்த மனிதர் சிரித்து அவர் பெண்டாட்டியே பார்த்து எத்தனை நாளாயிற்றோ, அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"எதிர்ல நின்னு ஒரு நாளும் பாத்தது இல்லியே, எப்படி பண்ணாளாம்னு அவகிட்ட கேளு."

"நீங்களே கேளுங்க. பின்னாலதானே நிக்கிறா."

அவர் திரும்பினார். தனம் சட்டென்று தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் நகரவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே தனம் சொன்னாள்.

"நூல் சுத்தும்போது... ஓரமா தெரிவீங்க, மாமா."

அவர் மேடைக்குப் போனார். பெரிய மனிதர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தனத்துக்கு நேர் எதிரே போட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"இது ஓரமா பாத்துத் தெச்சது. அதான் மூக்கு இப்படிப் போச்சு. அடுத்தது நேரா பாத்துத் தைக்கட்டும்" என்றார். அவள் அசையவில்லை. அவர் மாமியாரைப் பார்க்கவில்லை, அவகிட்ட சொல்லு என்று சொல்லவில்லை.

"தலைய தூக்கும்மா. முகத்தப் பாக்காம எப்படித் தைப்பே?"

தனம் தலையைத் தூக்கினாள். அவர்தான் வெட்கப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.